கிளட்ச் அத்தை

கடைத்தெருக் கோடியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை. இருபத்துமூன்று வருடமாக அதே வேலை, அதே ஸ்டூல். வாடிக்கையாளர்கள் வந்து உட்காரும் முன்பகுதிக்கு அவர் வருவது அபூர்வம். பின்னால் ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தேய்ப்புச் சக்கரம். அந்த அறைக்குள் காலையில் நுழைந்தால் சாயங்காலம் புருவத்தில் வெள்ளைத் தூளோடு வெளியே வருவார். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்.

லென்ஸைச் சட்டத்துக்குள் உட்கார வைக்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கட்டைவிரலால் எவ்வளவு தள்ளினாலும் அசையக் கூடாது. அசைந்தால் மறுபடி சக்கரம்தான். "ஆட்டம் இருந்தா அது வேலையே இல்ல" என்பார். அவர் பொருத்திய கண்ணாடி எதுவும் திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே பெருமையாகச் சொல்லுவார். அது உண்மையும்கூட.

இந்தப் பெருமை கடையோடு நின்றிருக்கலாம். வீட்டிலும் அவர் கை சும்மா இருக்காது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஒழுகுகிற குழாய், கிறீச்சிடுகிற கதவு, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் பழைய துணியை விரித்துப் பிரித்துப் போட்டுவிடுவார். பத்தில் ஒன்பது சரியாகவும் போய்விடும். அதனால் பத்தாவதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

மனைவிக்கு ஊரெல்லாம் அலைகிற வேலை. அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் கைகால் விழுந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என்று படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய், எழுப்பி உட்கார வைத்து, பிடித்து நிற்க வைத்து, நடக்க வைப்பாள். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. பிசியோ அம்மா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. ரப்பர் பந்தும் எலாஸ்டிக் பட்டையுமாக அதன் பின்சீட்டு எப்போதும் நிறைந்திருக்கும். ஆள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்த மாதிரி உட்கார்ந்து ஓட்டுவாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

ஒருநாள் காலை அவள் கிளம்பும்போது போகிறபோக்கில் சொன்னாள்: "என்னங்க, ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்'னு ஒரு சத்தம் வருது. சாயங்காலம் மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வரட்டுமா?"

"அதுக்கு எதுக்கு மெக்கானிக்? ஞாயித்துக்கிழமை நான் பாக்கிறேன்."

பார்த்தார். அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் கிளட்ச் பெடலிலிருந்து கியர்பெட்டி வரைக்கும் ஒரு கேபிள் போகும். அதன் முனையில் ஒரு நட்டு. நட்டை முறுக்கினால் கேபிள் இறுகும். பானட்டைத் திறந்து, ஸ்பானரைப் போட்டு, நாலு சுற்று முறுக்கினார். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. பிறகு உள்ளே குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். முன்பு மேலே கொஞ்ச தூரம் லொடலொடவென்று வெறுமனே இறங்கும், அப்புறம்தான் பிடிக்கும். இப்போது தொட்ட உடனே பிடித்தது. ஆட்டமே இல்லை. அவருக்குப் பரம திருப்தி.

"உங்க கை கைதான்" என்றாள் அவள்.

எட்டு மாதம் கழித்து வண்டி மேட்டில் ஏற மறுத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மெக்கானிக் பிரித்துப் பார்த்து, கருகிப்போன கிளட்ச் தட்டை வெளியே எடுத்து மேஜைமேல் போட்டார். தீய்ந்த வாடை பட்டறை முழுக்க அடித்தது.

"யாரோ கிளட்ச் மேல கால வெச்சுக்கிட்டே ஓட்டறாங்க சார். அதான் இப்படி."

கண்ணாடிக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான் கால கீழதான் வெப்பேன்" என்றாள் அவள்.

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்குவாங்க" என்றார் மெக்கானிக், நல்ல மனசோடுதான்.

புதுத் தட்டுப் போட்டு வண்டி வீட்டுக்கு வந்தது. பெடலைத் தொட்டுப் பார்த்த கண்ணாடிக்காரருக்கு முகம் சுருங்கியது. மறுபடி அந்த லொடலொடப்பு. "வேலை தெரியாத ஆளு, லூசா விட்டிருக்கான்" என்று முனகிக்கொண்டே பானட்டைத் திறந்து, நட்டைத் தன் பழைய இடத்துக்கே முறுக்கிவிட்டார். அவளிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. சொல்ல என்ன இருக்கிறது? சட்டத்தில் லென்ஸ் ஆடினால் இறுக்குவதைப் போல, கை தானாகச் செய்தது.

அந்த மாதமே மனைவியின் அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வண்டிப் பேச்சு வந்தது. "உங்க தங்கச்சி கிளட்ச் மேல குடித்தனமே நடத்தறா மச்சான். வாடகைதான் தரதில்ல" என்றார் கண்ணாடிக்காரர். வீடே சிரித்தது. மச்சானின் சின்னப் பெண் அன்றைக்கே ஒரு பேர் வைத்துவிட்டாள்: கிளட்ச் அத்தை. முதலில் அவளும் சிரித்தாள். பிறகு போன போதெல்லாம் அந்தப் பேர்தான். தொலைபேசியில்கூட, "கிளட்ச் அத்தை பேசறாங்க" என்று குழந்தைகள் கூவுவது கேட்கும். பேர் வைக்க ஒரு நிமிஷம் போதும்; வைத்தவனாலும் அதை அழிக்க முடியாது.

இரண்டாவது தட்டு பத்து மாதம் தாங்கியது.

ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு வீடு. அங்கே ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து கிடந்தார். அவள் ஐந்து மாதமாக வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து, நிற்க வைத்து, இப்போது சுவரைப் பிடித்து நாலு அடி எடுத்து வைக்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்த வீட்டுக்குப் போகிற சரிவில்தான் வண்டி நின்றது. பின்னால் ஒரு பள்ளிக்கூட பஸ், அதன் பின்னால் வரிசையாக வண்டிகள், ஒரே ஹாரன். பானட்டுக்கு அடியிலிருந்து புகை. நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். கண்ணாடிக்காரர் கடையிலிருந்து யாருடைய ஸ்கூட்டரிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவள் நெற்றி வியர்த்து நின்றிருந்தாள்.

"எத்தனை தடவை சொல்றது, கால எடு, கால எடுன்னு!" வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

"வண்டியில ஏதோ இருக்குங்க. நான் கால வெக்கவே இல்ல. சத்தியமா சொல்றேன்."

"ஆமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

தள்ளிவிட்ட நாலு பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சாவியை அவர் கையில் வைத்தாள். பின்சீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு மேட்டில் நடந்து போய்விட்டாள், தபால்காரர் வீட்டை நோக்கி.

அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். அவர் கோபம் தணிந்த பிறகு இரண்டொரு தடவை கேட்டார். "வேண்டாங்க. என் கால் சரியில்ல. எதுக்கு வம்பு" என்பாள். தொலைவில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக விட்டாள். தபால்காரர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறி, மேட்டில் ஏறி, சில வாரம் போனாள். மற்ற வீடுகளுக்கு நேரம் எட்டவில்லை. அதுவும் நின்றது. கடைசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஜன்னலில்லாத ஓர் அறையில், வருகிறவர்களுக்குத் தோளையும் முட்டியையும் நீவிவிடும் வேலைக்குச் சேர்ந்தாள். மெக்கானிக் மூன்றாவது தட்டைப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் வழக்கம்போல நட்டை இறுக்கினார். வாரத்துக்கு ஒரு நாள், மேடில்லாத சாலையில், அவர் மட்டும் ஓட்டினார்.

இரண்டு வருடம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறிச் சந்தையிலிருந்து திரும்பும்போது இன்ஜின் திடீரென்று குரலை உயர்த்தியது. வண்டி அதே வேகத்தில் போனது. மூக்கில் லேசாக அந்தத் தீய்ந்த வாடை. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மனைவி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் பழைய துணியை விரித்தார்.

முதலில் ஒரு சோதனை. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, கடைசிக் கியரைப் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டார். தட்டு நன்றாக இருந்தால் இன்ஜின் அந்த நொடியே இருமிக்கொண்டு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. நாலைந்து நொடி உறுமிக்கொண்டே இருந்து, பிறகுதான் அணைந்தது. ஆக, தட்டு நழுவுகிறது. எண்ணெய் கசிந்து தட்டில் பட்டிருக்குமா? அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. பெடல் மேலே வராமல் சிக்குகிறதா? இல்லை, துள்ளிக்கொண்டு வந்தது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: கிளட்ச் மேல் காலை வைத்து ஓட்டுவது.

ஆனால் இரண்டு வருடமாக ஓட்டியது அவர் ஒருவர்தான். அவர் கால் வைப்பதில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவளும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள் என்பது ஞாபகம் வந்தது.

டாஷ்போர்டு அறையில் வண்டியோடு வந்த சின்னப் புத்தகம் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அதைப் புரட்டியதே இல்லை. கிளட்ச் என்ற பக்கத்தை விரலால் தேடினார். பெடலின் தொடக்கத்தில் சுமார் இரண்டு விரல் அளவு வெறும் அசைவு இருந்தே ஆக வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த அசைவு இல்லையென்றால், யாரும் பெடலைத் தொடாதபோதும் கேபிள் கிளட்ச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். தட்டு முழுதாகப் பிடிக்காமல் நழுவித் தேய்ந்து கருகும். காலால் மிதித்துக்கொண்டே ஓட்டினால் என்ன ஆகுமோ அதேதான்.

பெடலை விரலால் தொட்டார். தொட்ட உடனே பிடித்தது. ஸ்கேலை வைத்து அளந்தார். அளக்க ஒன்றும் இல்லை.

தரையில் மண்டியிட்டு, தலையைப் பெடல்களுக்கு அடியில் விட்டு டார்ச்சை அடித்தார். கிளட்ச் பெடலின் ரப்பரில் வரிகள் இன்னும் கூர்மையாக, புதிது போல இருந்தன. கால் ஓயாமல் ஊன்றியிருந்தால் அந்த வரிகள் வழவழத்துப் போயிருக்கும். பெடலுக்கு இடது பக்கம், தரைவிரிப்பில் இரண்டு தேய்மானம். ஒன்று பின்னால் தள்ளி, அகலமாக, ஆழமில்லாமல். அது அவருடைய ஷூ. இன்னொன்று முன்னால், சின்னதாக, ஒரு சின்னச் செருப்பின் குதிகால் அளவில், ரப்பர் தேய்ந்து அடித்துணி தெரிகிற அளவுக்கு ஆழமாக. பத்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் ஒரே கால் இளைப்பாறிய தடம். தேய்மானத்தைப் பார்த்துக் கதை சொல்கிறவர் அவர். மூக்குத்தாங்கியைப் பார்த்தே, இவர் கண்ணாடியை ஒற்றைக் கையால் கழற்றுகிறவர் என்று சொல்லிவிடுவார். சொந்த வண்டிக்குள் இருந்த தடத்தை இதுவரை குனிந்து பார்க்கவில்லை.

கூடம் கோணல்தான். கோணலாக்கியவர் அவர்.

பானட்டைத் திறந்தார். நட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் வைத்த மஞ்சள் பெயிண்ட் பொட்டு இருந்தது. நட்டு அதைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தது. நாலு சுற்றுத் தளர்த்தினார். பொட்டில் வந்து நின்றது. பெடல் லொடலொடவென்று இரண்டு விரல் அளவு இறங்கி, பிறகு பிடித்தது. இவ்வளவுதான் வேலை. ஸ்பானரைத் துடைத்துப் பழைய துணியில் சுற்றி வைத்தார்.

அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் களைத்து வந்தாள், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்தார். இப்படியே போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு அது சாப்பாட்டு மேஜையில்தான் அதிகம் குறுகுறுத்தது. அவள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் டம்ளரைப் பார்ப்பார், அவளைப் பார்க்க மாட்டார். கேட்காமலே பாத்திரம் கழுவினார். ஆஸ்பத்திரி வாசலில் போய்க் காத்திருந்து அவளைக் கூட்டிவந்தார். "என்ன இது, புதுசா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காரில் பக்கத்துச் சீட்டில் அவள் உட்காரும்போது இடது காலைப் பின்னால் மடக்கி, வலது காலுக்கு அடியில் ஒளித்துக்கொள்வதை அப்போதுதான் கவனித்தார். எத்தனை நாளாக அப்படி உட்காருகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

கடையில் ஒரு லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து, சட்டத்தைவிடச் சின்னதாக்கிவிட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. முதலாளி அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வேறு லென்ஸ் கொடுத்தார். அதுவும் சேர்ந்து உறுத்தியது.

மகளுக்கு இருபது வயது. அம்மா கற்றுக்கொடுக்க மறுத்துவிட்டதால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தாள். பதினோராம் நாள் வகுப்பு முடிந்து குதித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, மாஸ்டர் என்ன சொன்னாரு தெரியுமா? உன் கால் ரொம்பச் சுத்தம், கிளட்ச் பக்கமே போறதில்லன்னாரு. நான் சொன்னேன், எல்லாம் எங்கம்மாவப் பாத்துக் கத்துக்கிட்டது சார், எப்படி ஓட்டக் கூடாதுன்னு!"

அவள் சிரித்தாள். மகளோடு சேர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா சொன்ன. என்னை மாதிரி ஆயிடாதடி" என்றாள். கண்ணாடிக்காரர் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் அதை நம்பிவிட்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

"உன் கால்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

"என்ன?"

"வண்டி. கிளட்ச் எரிஞ்சது உன்னால இல்ல. நான்தான். கேபிள நான்தான் இறுக்கிட்டேன். மூணு தடவையும். மெக்கானிக் சரியா வெச்சுக் குடுப்பான், நான் வீட்டுக்கு வந்து இறுக்குவேன். நீ கால வெக்கவே இல்ல. தரைவிரிப்புல தடம் இருக்கு. நான் பாத்தேன்."

எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவள் கையில் இருந்த சட்டையை உதறி, கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் உதறினாள்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

"பன்னெண்டு நாள்."

"ஆமா."

"தெரியாம செஞ்சது மூணு வருஷத்துக்கு மேல. அது போகட்டும், எல்லாருக்கும் வரதுதான். தெரிஞ்சப்புறம் பன்னெண்டு நாள் என் கையால வாங்கிச் சாப்பிட்டீங்களே."

அவர் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து நீட்டினார்.

"காலைல நான் கட்டில்ல உக்காந்து கணுக்கால சுத்திச் சுத்திப் பயிற்சி பண்ணுவேனே, பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறார். தினமும் பார்த்தார். கால்வலி என்று நினைத்திருந்தார்.

"எனக்கே தெரியாம என் கால் தானா அழுத்துதோன்னு பயம். நரம்புல ஏதாவது கோளாறோன்னு. அடுத்தவங்க காலையெல்லாம் சரி பண்றவ, என் கால நான் நம்பல. ரெண்டு வருஷமா தினம் பண்றேன். ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டகூடக் காட்டினேன். ஒண்ணுமில்லன்னாரு. அவருக்குத் தெரியலன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. அவர்தான் காலி வாளியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "என்ன பண்ணணும் சொல்லு" என்றார்.

"எங்கெல்லாம் சொன்னீங்களோ அங்கெல்லாம் போய்ச் சொல்லுங்க." கீழே இறங்கிப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னார். மச்சான் கேட்டுவிட்டு எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "பெரிய மனசு மாப்ள உங்களுக்கு. பொண்டாட்டி மேல பழி வரக் கூடாதுன்னு தன் மேல போட்டுக்கறீங்க பாருங்க. இந்தக் காலத்துல யார் செய்வா!" மச்சான் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்துக் கத்துக்குங்க" என்று தன் கணவனுக்கு ஓர் இடியும் கொடுத்தாள்.

உண்மையைச் சொல்லப் போய்ப் பாராட்டு வாங்கிக்கொண்டு நிற்பது போன்ற ஓர் அவமானத்தை அவர் அதுவரை பட்டதில்லை. அவர் மனைவி மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், உதவிக்கு வரவில்லை.

"இல்ல மச்சான். வாங்க, கீழ வாங்க. எல்லாரும் வாங்க."

வீடே இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நின்றது. பானட்டைத் திறந்தார். மச்சானை உட்கார வைத்து, பெடலைக் கையால் அமுக்கச் சொன்னார். பிறகு நட்டை நாலு சுற்று இறுக்கிவிட்டு மறுபடி அமுக்கச் சொன்னார். "இப்ப வித்தியாசம் தெரியுதா? இப்படித்தான் அவளுக்கு ஓட்டக் குடுத்தேன். இப்படி வெச்சா யார் ஓட்டினாலும் எரியும். இங்க குனிஞ்சு பாருங்க, இது அவ குதிகால்." ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். மச்சான் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. தங்கையின் பக்கம் திரும்பி, "நானும் மூணு வருஷமா சிரிச்சிருக்கேனேம்மா" என்றார்.

சின்னப் பெண் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அப்போ உங்கள இனிமே எப்படிக் கூப்பிடறது அத்தை?"

"உன் இஷ்டம்" என்றாள் அவள். குழந்தைகள் இன்றைக்கும் கிளட்ச் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் திருத்துகிறார். யாரும் கேட்பதில்லை.

மெக்கானிக்கிடமும் போனார். தேய்ந்த தட்டை மாற்றியபடியே அவர் எல்லாவற்றையும் கேட்டார். "நானும் ஒரு தடவை கேபிளப் பாத்திருக்கணும் சார். வண்டி உள்ள வந்தப்ப நட்டு எங்க இருந்துச்சுன்னு பாக்காம, கழட்டிட்டுப் புதுசாப் போட்டுட்டேன். வாயும் சும்மா இல்ல, அந்தம்மா முன்னாடியே சொல்லிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இனிமே பானட்டத் தெறக்காதீங்க" என்றார். சரி என்றார் கண்ணாடிக்காரர்.

தபால்காரர் வீட்டுக்குப் போவதுதான் கடினமாக இருந்தது. அவள் டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்தாள். ஆரம்பத்தில் இரண்டு தடவை இன்ஜினை அணைத்துவிட்டாள். பிறகு அந்த மேட்டில் வண்டி ஒழுங்காக ஏறியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தது மருமகள். "வாங்க, எவ்வளவு நாளாச்சு" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். உள்ளே தபால்காரர் கட்டிலில், முட்டி இரண்டும் மடங்கிப் பக்கவாட்டில் கிடந்தார். வலது கை மார்போடு ஒட்டி, விரல்கள் உள்ளங்கைக்குள் முடிச்சுப் போட்டது போல இறுகியிருந்தன. சுவரில், அவர் முன்பு பிடித்துக்கொண்டு நடந்த உயரத்தில், கை பட்டுப் பட்டு அழுக்கேறிய ஒரு கோடு இன்னும் இருந்தது.

அவளைப் பார்த்ததும் தபால்காரருக்கு முகம் மலர்ந்தது. குழறலாக ஏதோ கேட்டார். மருமகள் எடுத்துச் சொன்னாள்: "வண்டி சரியாயிடுச்சான்னு கேக்கறாரு. நீங்க வண்டி ரிப்பேர்னு சொல்லிட்டுப் போனீங்களே. வாசல்ல ஏதாவது கார் சத்தம் கேட்டா போய்ப் பாக்கச் சொல்வாரு."

கண்ணாடிக்காரர் கட்டில் பக்கம் போனார். "ஐயா, வண்டிய கெடுத்ததே நான்தான். இவங்க மேல தப்பில்ல. இவங்க வராம போனது என்னாலதான்."

தபால்காரர் அவரை வெகுநேரம் பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மருமகள் கதவருகே நின்று, "ரெண்டு வருஷங்க" என்றாள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, அந்த வலது கையை மடியில் எடுத்து வைத்து, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு விரலைத் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. மூன்றாவது விரலில் தபால்காரர் வலியில் முனகினார். கண்ணாடிக்காரர் வெளியே போக நினைத்தார். "இருங்க. அந்தப் பந்த எடுங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். எடுத்துக் கொடுத்தார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டாள். ஐந்து வீடு இல்லை, இப்போது மூன்று வீடு. மாதத்துக்கு ஒரு தடவை அவளே இரண்டு விரலை வைத்துப் பெடலை அளந்து பார்க்கிறாள். தட்டு தேயத் தேயக் கேபிள் தானாகவே இறுகும் என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். கண்ணாடிக்காரர் கடைக்குப் பஸ்ஸில் போகிறார். வீட்டில் குழாய் ஒழுகினால் இப்போது முதலில் ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்கிறார். அவள் சில நாள் சிரிக்கிறாள், சில நாள் பதில் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு அவரும் மேட்டுக்குப் போய்த் தபால்காரரைத் தூக்கி உட்கார வைக்கப் பிடித்துக்கொள்கிறார். ஆள் இப்போது நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். வலது கையின் இரண்டு விரல்கள் திறக்கின்றன. நடக்கவில்லை. இனி நடப்பாரா என்று ஒருநாள் திரும்பி வரும் வழியில் கண்ணாடிக்காரர் கேட்டார். அவள் கியரை மாற்றிவிட்டு, காலைக் கீழே வைத்துவிட்டு, "மாட்டாரு" என்றாள்.